அந்த 30 ரூவா எங்க போச்சு: டேட்டா வேலையை அடுக்கி, எழுதி வைக்கிற விதம்

போன வருஷம் ஒரு ஏலக்காய் வியாபாரிக்கு சீசன் ரிப்போர்ட் ஒண்ணு போட்டுக் கொடுத்தேன். தேனி மாவட்டத்துப் போடியிலயும் கேரளா இடுக்கிப் பக்கத்துப் புத்தடியிலயும் நடக்கிற ஈ-ஏலத்தோட தினசரி கணக்கு, அதோட மலைப்பக்கத்து மழைக் கணக்கு, ரெண்டையும் சேத்து வச்சு எந்த வாரம் வரத்து கூடுச்சு, விலை எப்பிடி நகந்துச்சுனு ஒரு பதினஞ்சு பக்கம். இந்த வருஷம் புது டேட்டாவையும் சேத்து அதே ரிப்போர்ட்டை ஓட்டி அனுப்பிட்டு நிம்மதியா தூங்குனேன், காலைல ஏழு மணிக்கே போன்.

"ஏன் தம்பி, போன வருஷ ஜனவரி சராசரினு அப்ப ஒரு ரேட்டு போட்டிருந்தீங்க, இப்ப அதே ஜனவரிக்கு கிலோவுக்கு 30 ரூவா கூட இருக்கே, முடிஞ்சு போன மாசத்துக்கு எப்பிடி தம்பி விலை ஏறும்?"

"பாத்து சொல்றேண்ணே"னு போனை வச்சுட்டேன், ஆனா எங்க பாக்கணும்னே தெரியல. ரெண்டு நாள் தேடுனேன். பழைய எக்செல் ஷீட் நாலு, பைத்தான் ஃபைல் ஆறு, ஜூபிட்டர் நோட்புக் (பைத்தான் புரோகிராமைத் துண்டு துண்டா ஓட்டிப் பாக்குற ஃபைல்) மூணு, அதுல எது அந்த ரிப்போர்ட்டைப் போட்டதுனு எனக்கே அடையாளம் தெரியல. கடைசில கண்டுபிடிச்ச காரணம் ரொம்பச் சின்னது. ஒரே நாள்ல ரெண்டு ஏலம் நடக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனி சராசரி விலை வரும். போன வருஷம் நான் அந்த ரெண்டு சராசரியையும் கூட்டி ரெண்டால வகுத்திருக்கேன். நடுவுல என்னைக்கோ புத்தி வந்து வித்த கிலோவை வச்சு எடை போட்டு கணக்குப் பண்ற மாதிரி மாத்தியிருக்கேன். உதாரணத்துக்கு ஒரு ஏலத்துல 20,000 கிலோ 2,000 ரூவாக்கும், இன்னொண்ணுல 80,000 கிலோ 2,100 ரூவாக்கும் போச்சுனா சும்மா சராசரி 2,050, எடை போட்ட சராசரி 2,080. அவர் கேட்ட 30 ரூவா அதுல தான் இருந்துச்சு. மாத்துனது சரி தான், ஆனா மாத்துனேன்னு ஒரு வரி எங்கயும் எழுதி வைக்கல.

இதுக்கப்புறம் தான் என் வேலையை அடுக்க ஆரம்பிச்சேன். இப்ப எப்பிடி பண்றேன்னு சொல்றேன், ஏலக்காய்க்குப் பதிலா உங்ககிட்ட பால் சொசைட்டி கணக்கு இருக்கலாம், ஆஸ்பத்திரி கணக்கு இருக்கலாம், முறை ஒண்ணுதான்.

முதல்ல கம்ப்யூட்டரை மூடி வச்சுட்டு ஒரு பேப்பர் எடுங்க. டேட்டா எங்கிருந்து வருது, எதுக்கப்புறம் எது நடக்கணும், கடைசில என்ன வெளிய போகுதுனு கட்டம் போட்டு அம்புக்குறி போடுங்க. பெரிய கம்பெனில இதுக்கு டேக் (DAG)னு பேர் சொல்லுவாங்க, திரும்பி வராத அம்புக்குறிப் படம், அம்புட்டு தான். என் படத்துல எட்டு கட்டம் இருக்கு. முதல் தடவை வரையும்போது ஒரு அம்புக்குறி பின்னாடி திரும்பி வந்துச்சு, அதாவது ரிப்போர்ட்டுல கையால திருத்துன ஒரு நம்பரை மறுபடி எடுத்து சுத்தம் பண்ற இடத்துல யூஸ் பண்ணிட்டிருந்தேன். படம் போடலைனா இந்தத் திருட்டுத்தனம் எனக்கே தெரிஞ்சிருக்காது.

அடுத்தது ஃபோல்டர். பேரெல்லாம் நான் இங்கிலீஷ்ல தான் வைப்பேன், மொத்தம் நாலு. வந்தது வந்தபடி ஒண்ணு, சுத்தம் பண்ணது ஒண்ணு, கோடு (code, புரோகிராம்) ஒண்ணு, வெளிய போறது ஒண்ணு. வந்தது வந்தபடி இருக்கிற ஃபோல்டர்ல யாரும் கை வைக்கக் கூடாது, நானும் தான், ஃபைலை ரீட் ஒன்லி ஆக்கிருங்க. ஸ்பைசஸ் போர்டு சைட்ல தினசரி ஏலம் ஒரு டேபிளா வரும், தேதி, ஏலம் நடத்துனவர், எத்தன லாட், வந்த கிலோ, வித்த கிலோ, அதிக விலை, சராசரி விலைனு. அதை எடுத்தவுடனே எடுத்த தேதியை ஃபைல் பேர்லயே வச்சுருவேன், வருஷம்-மாசம்-நாள் வரிசைல, 2024-08-05 மாதிரி. இப்பிடி வச்சா ஃபைல் எல்லாம் தானா தேதி வரிசைல நிக்கும், எது முன்ன எது பின்னனு தேட வேணாம். கூடவே ஒவ்வொரு மூல ஃபைலுக்கும் ஷா-256 செக்சம், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நீள நம்பர் எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு வைங்க, ஒரு எழுத்து மாறுனாலும் அந்த நம்பர் முழுசா மாறிரும், பின்னால "நான் தொடவே இல்ல"னு சத்தியம் பண்ண வேண்டிய அவசியம் இல்ல.

கோடு ஃபைலுக்கு முன்னாடி 01, 02னு நம்பர். 10க்கு மேல போகும்னு தெரிஞ்சா முதல்லயே ரெண்டு இலக்கம் வைங்க, இல்லைனா 1க்கு அடுத்து 10 வந்து உக்காந்துக்கும்.

எக்செல் பத்தி கொஞ்சம் புலம்பிக்கிறேன். ஏலக்காயை சல்லடை போட்டு சைஸ் பிரிப்பாங்கல்ல, 7-8 மில்லி, 8 மில்லிக்கு மேலனு. வியாபாரி தன்னோட ஸ்டாக் லிஸ்ட்டை எக்செல்ல அனுப்புனார், கிரேடு காலத்துல (column) 7-8னு அவர் அடிச்சது எக்செல்லுக்கு தேதியாத் தெரிஞ்சு 07-ஆகஸ்ட்னு மாறிப் போச்சு. அதை விடக் கொடுமை என்னன்னா கணக்குப்பிள்ளை லேப்டாப்புல அமெரிக்கா செட்டிங் இருந்திருக்கு, அங்க அதே 7-8 ஜூலை 8 ஆயிருச்சு. ஒரே கிரேடு, ரெண்டு தேதி. நானும் முதல்ல டெலிவரி தேதி போலனு நினைச்சு அரை நாள் வேற எதையோ கணக்குப் பண்ணிட்டிருந்தேன். சேவ் பண்ணி மூடிட்டா பழைய 7-8ஐ ஃபார்மேட்டை மாத்தி எடுக்க முடியாது, உள்ள தேதி நம்பர் தான் இருக்கும். இது நம்ம பிரச்சினை மட்டும் இல்ல, மார்ச்1, செப்ட்1னு பேர் இருந்த மனுஷ ஜீன்களையும் எக்செல் தேதியா மாத்தி மாத்தி வச்சதுல, ஜீனுக்குப் பேர் வைக்கிற கமிட்டி 2020ல ஜீன் பேரையே மாத்திருச்சு. எக்செல்லோட மல்லுக்கட்டுறதுக்கு ஜீன் பேரை மாத்துறது ஈசினு நினைச்சுட்டாங்க போல.

அதனால காலம் விளக்க ஷீட்டுனு ஒண்ணு கட்டாயம் வேணும். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வரி: பேர், என்ன அர்த்தம், என்ன அலகு, எழுத்தா நம்பரா, காலியா இருந்தா என்ன அர்த்தம். கடைசி கேள்வியை யாரும் எழுதுறதில்ல, ஆனா அது தான் முக்கியம். 2020 லாக்டவுன்ல ஏலம் நின்னு கெடந்துச்சு, அந்த நாளெல்லாம் காலி. ஏலம் நடந்து ஒண்ணும் விக்கலைனா அது சைபர். ரெண்டையும் ஒண்ணாக்கி காலியை எல்லாம் சைபரா மாத்திட்டா சராசரி பாதாளத்துக்குப் போயிரும்.

மழைக் கணக்குல அலகோட இன்னொண்ணும் எழுதணும், அது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. வானிலைத் துறை ஒரு தேதிக்கு எத்தன மிமீனு போடுற மழை, அன்னைக்கு காலை 8:30க்கு முடிஞ்ச 24 மணி நேரத்துல பெஞ்சது. அதாவது 5ஆம் தேதினு இருக்கிற மழைல பெரும்பகுதி 4ஆம் தேதி பெஞ்சது. நான் அதை 5ஆம் தேதி ஏலத்தோட அப்பிடியே சேத்து வச்சு "மழை அன்னைக்கே வரத்தை பாதிக்குது"னு ஒரு பாரா எழுதியிருந்தேன். எங்க தெருவுல காய் வாங்குற ஒருத்தர் படிச்சுட்டு "இன்னைக்கு மழை பெஞ்சா இன்னைக்கு எப்பிடிப்பா ஏலத்துல வரத்து குறையும், காய் பறிச்சு, ஸ்டோர்ல காய வச்சு, தரம் பிரிச்சு, பதிஞ்சு வர்றதுக்கு நாள் ஆகாதா"னு கேட்டார். ஒரு நாளைத் தள்ளி வச்சா மட்டும் தீராது, கேள்வியே தப்புனு அவர் சொல்லித்தான் புரிஞ்சுச்சு. டேட்டாவைப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி அந்தத் தொழில்ல இருக்கிற ஒருத்தர்கிட்ட படிச்சுக் காட்டுறதை இப்ப என் கட்டப் படத்துல ஒரு கட்டமாவே போட்டு வச்சிருக்கேன்.

இனி முக்கியமான விசயம், முடிவுப் பதிவு. கோடு என்ன செஞ்சுச்சுனு கோடைப் படிச்சா தெரிஞ்சுரும், ஏன் அப்பிடி செஞ்சோம்னு அதுல இருக்காது. எடுக்கிற ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பதிவு, ஒரே டெக்ஸ்ட் ஃபைல், புதுசு மேல, பழசு கீழ. 30 ரூவா விசயத்தை இப்ப இப்பிடி எழுதி வச்சிருக்கேன்:

கேள்வி: ஒரே நாள்ல ரெண்டு ஏலம் நடந்தா அன்னைக்கு சராசரி எது?
முடிவு: வித்த கிலோவை வச்சு எடை போட்ட சராசரி.
ஏன்: சின்ன ஏலமும் பெரிய ஏலமும் சமமா எண்ணக் கூடாது.
விட்ட வழி: வந்த கிலோவை வச்சு எடை போடுறது. விக்காத காய்க்கு விலை இல்லைனு விட்டாச்சு.
எதைத் தொடும்: டேபிள் 2, படம் 4. முதல் ரிப்போர்ட்டோட நேரா ஒப்பிடக் கூடாது.

அஞ்சு வரி தான், எழுத மூணு நிமிசம். "விட்ட வழி"ங்கிற வரியை மட்டும் விட்டுறாதீங்க, ஆறு மாசம் கழிச்சு அதே யோசனை உங்களுக்கே புதுசா வந்த மாதிரி வரும், அப்ப மறுபடி ரெண்டு நாள் அதுலயே உருள வேணாம்.

எதையெல்லாம் முடிவுனு எழுதணும்னு கேப்பீங்க. ஒரு வரியை நீக்குனா, ஒரு நம்பரை மாத்துனா, ஒரு எல்லையைத் தேர்ந்தெடுத்தா அது முடிவு. வருஷம்னா எது? ஏலக்காய்க்கு ஆகஸ்ட்ல இருந்து ஜூலை வரைக்கும் தான் வருஷம், காலண்டர் வருஷத்தை வச்சா ஒரே சீசன் ரெண்டு துண்டாப் போகும். அதையும் எழுதுங்க. இன்னொண்ணு, சராசரில இருந்து ரொம்ப விலகுன நம்பரைத் தானா தூக்குற கோடு எல்லாரும் எங்கிருந்தாவது காப்பி பண்ணி வச்சிருப்போம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல இடுக்கித் தோட்டமெல்லாம் அடி வாங்கி, 2019 ஆகஸ்ட்ல கிலோ 7,000 ரூவாயைத் தொட்டுச்சே, என் கோடு அதைத் தப்புனு சொல்லித் தூக்கிப் போட்டுருச்சு. இந்தப் பக்கம் டீக்கடைல உக்காந்தா இன்னைக்கும் பேசுற விலை அது, அது இல்லாத விலைப் படத்தை நான் ஒரு ஏலக்காய் வியாபாரிகிட்ட நீட்டியிருக்கேன். இப்ப தானா தூக்குறதே கிடையாது, கொடி மட்டும் நட்டு வைக்கும், தூக்குறதா வேணாமானு நான் பாத்து பதிவுல எழுதிட்டுத் தான்.

ஒவ்வொரு படியிலயும் வரி எண்ணுங்க. உள்ள எத்தன வரி, வெளிய எத்தன, நடுவுல விழுந்தது எத்தன, எதனால. உள்ள 1,212, வெளிய 1,198, விழுந்தது 14, அதுல ஏலம் நடக்காத நாள் 9, ரெட்டைப் பதிவு 5. இதைக் கோடே தானா ஒரு லாக் ஃபைல்ல எழுதுற மாதிரி வச்சுட்டா உங்களுக்கு வேலையே இல்ல. இங்கிலாந்துல 2020ல கொரோனா கேஸ் 15,841 கணக்குல வராமப் போச்சு, பழைய எக்செல் ஃபார்மேட்ல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரி தான் நிக்கும், மிச்சம் சத்தமில்லாம வெளிய விழுந்துருச்சு. உள்ள எத்தன வெளிய எத்தனனு யாராவது எண்ணியிருந்தா அன்னைக்கே மாட்டியிருக்கும். வரி குறையுறது மட்டும் இல்ல, கூடுறதும் ஆபத்து. ரெண்டு மழை ஸ்டேஷன் இருக்கிறது மறந்து தேதியை மட்டும் வச்சு ஏலத்தோட சேத்தீங்கனா ஒவ்வொரு ஏலமும் ரெண்டாகும், மொத்த வரத்தும் ரெண்டு மடங்காகும். பைத்தான்ல டேபிள் வேலைக்கு இருக்கிற பாண்டாஸ்ல, ரெண்டு டேபிளைச் சேக்குற மெர்ஜுக்கு வேலிடேட்டுனு ஒரு ஆப்ஷன் இருக்கு, பல வரிக்கு ஒரு வரினு அதுல சொல்லிட்டா மீறும்போது எரர் அடிச்சு நின்னுரும். அது வேணும்னே நிக்கிறது, திட்டாதீங்க.

நோட்புக் யோசிக்கிறதுக்கு நல்லது, ரிப்போர்ட் ஓட்டுறதுக்கு ஆகாது. செல்லை மேலயும் கீழயும் மாத்தி மாத்தி ஓட்டிட்டு, நடுவுல ஒரு செல்லை அழிச்சுட்டு, அந்த வேரியபிள் மட்டும் மெமரில உயிரோட இருக்கும், இன்னைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது. மூடுறதுக்கு முன்னாடி ரீஸ்டார்ட் பண்ணி எல்லா செல்லையும் மேல இருந்து ஓட விட்டுப் பாருங்க, நின்னுச்சுனா அந்த நோட்புக் பொய் சொல்லுதுனு அர்த்தம். நல்லா ஓடுனதை ஸ்கிரிப்ட்டா மாத்திருங்க.

எந்த வெர்ஷன்ல ஓடுச்சுனு எழுதுறதை நான் ரொம்ப நாள் சீண்டவே இல்ல. பாண்டாஸ் 2.0 வந்த 2023ல என் பழைய ஸ்கிரிப்ட் தேதில நின்னு எரர் அடிச்சுச்சு, நான் பாண்டாஸைத் திட்டுனேன். அப்புறம் பாத்தா முந்தின வெர்ஷன் தான் இத்தனை நாள் என்னை ஏமாத்தியிருக்கு, 25/06ஐ ஜூன் 25னு எடுத்துக்கிட்டு 05/06ஐ மே 6னு எடுத்துக்கிட்டு, ஒரே காலத்துல ரெண்டு விதமா, கமுக்கமா. புதுசு ஒரே விதமாத் தான் படிப்பேன்னு அடம் பிடிச்சதால பிடிபட்டுச்சு. பிப் ஃப்ரீஸ்னு ஒரு கட்டளை ஓட்டுனா எந்தப் பைத்தான் சாமான் எந்த வெர்ஷன்னு வரும், அந்த லிஸ்ட்டை ஒவ்வொரு ரிப்போர்ட்டோடயும் சேத்து வைங்க, தேதி ஃபார்மேட்டைக் கோடுல நீங்களே கறாரா சொல்லிருங்க.

ஃபைல்ல எப்ப என்ன மாத்துனோம்னு சேத்து வைக்கிற கிட் (Git) கட்டாயம் வேணும், தனி ஆளா இருந்தாலும் சரி. கோடும், முடிவுப் பதிவும், காலம் விளக்கமும் கிட்டுல, பெரிய டேட்டா ஃபைலும் பாஸ்வேர்டும் அதுல வேணாம். இந்தக் கட்டங்களை வரிசையா ஓட்டி விடுறதுக்கு ஏர்ஃப்ளோ மாதிரி பெரிய சாமான் இப்ப தேவையில்ல. எட்டு கட்டத்துக்கு 1976ல வந்த மேக் (make) போதும், எது மாறுச்சோ அதுக்கு அடுத்ததை மட்டும் ஓட்டும், ஒரே தொந்தரவு மேக் ஃபைல்ல கட்டளை வரிக்கு முன்னாடி ஸ்பேஸ் வைக்கக் கூடாது, டேப் தான் வைக்கணும், இதுல மாட்டாத ஆளே கிடையாது.

எழுதுனது சரியா இருக்கானு நீங்களே பாத்தா தெரியாது. நான் மொத்தத்தையும் கட்டப்பனைல இருக்கிற என் கூட்டாளி சேட்டன்கிட்ட அனுப்பி, "போன் பண்ணாம ஓட்டுங்க சேட்டா, எங்க நிக்குதோ அதை மட்டும் எழுதுங்க"னு சொன்னேன். பதினோரு இடத்துல நின்னுச்சு. ரெண்டு இடத்துல என் லேப்டாப்போட ஃபோல்டர் வழியை அப்பிடியே கோடுக்குள்ள எழுதி வச்சிருந்தேன், வெக்கக்கேடு. ஒண்ணு மட்டும் ரெண்டு பேருக்குமே பிடிபடல. அவர் மலையாளத்துல சேத்த ஊர்ப் பேர்ல வண்டன்மேடு ரெண்டு தடவை வருது, கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கு, கம்ப்யூட்டர் வேற வேறங்குது. மலையாளச் சில்லெழுத்துக்கு (உயிர் சேராத மெய்க்குனு இருக்கிற தனி வடிவம்) 2008ல யூனிகோடு தனி எழுத்து கொடுத்துச்சு, அதுக்கு முன்னாடி மூணு குறி சேத்து எழுதுவாங்க, ரெண்டும் இன்னும் புழக்கத்துல இருக்கு. தமிழ்ல கொ, கோ எழுத்துகளை ரெண்டு துண்டா அடிச்சாலும், ஒரே எழுத்தோட பல வடிவத்தை ஒண்ணாக்குற என்எஃப்சி (NFC) நார்மலைஸ் ஓட்டுனா ஒண்ணாயிரும், மலையாளச் சில்லுக்கு அது வேலைக்காகாது. கடைசில ஊருக்கு ஒரு நம்பர் கொடுத்து ஒரு டேபிள் போட்டோம். போடி, போடிநாயக்கனூர், போடிநாயகனூர் எல்லாம் ஒரே நம்பர், அதே ஊரோட மலையாள எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் அதுக்குள்ளயே. எல்லைப்பக்கம் டேட்டா பாக்கிறவங்க முதல் நாளே இந்த டேபிளைப் போட்டுருங்க.

பழைய குப்பையை என்ன பண்றதுனா, மொத்தமா சுத்தம் பண்ண இறங்காதீங்க, முடியாது. கடைசியா வெளிய போன ரிப்போர்ட் ஒண்ணை மட்டும் எடுத்து அது எந்த ஃபைல்ல இருந்து வந்துச்சுனு பின்னாடி நூல் பிடிச்சுப் போய் எழுதுங்க, மிச்சத்தை பழசுனு ஒரு ஃபோல்டர்ல தள்ளுங்க. ரிப்போர்ட்டோட அடில வெர்ஷன் நம்பர், டேட்டா எடுத்த தேதி, போன தடவைல இருந்து கணக்கு முறைல என்ன மாறுச்சுனு ரெண்டு வரி போட்டு அனுப்புங்க.

மூணாவது நாள் அண்ணனுக்குப் போன் பண்ணி 20,000 கிலோ 80,000 கிலோ கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு "அப்ப எது தம்பி சரி?"ன்னார். "இப்ப போட்டது தாண்ணே"ன்னேன். "அப்ப போன வருஷத்தையும் அப்பிடியே மாத்திக் குடுத்துருங்க"னு சொல்லிட்டு வச்சுட்டார். மாத்திக் கொடுத்தேன், அடில என்ன மாறுச்சுனு ரெண்டு வரி போட்டு. அதுக்குத் தனியாக் காசு கேக்க வாய் வரல.